மாத்திரை சாப்பிடாதவரின் குடலிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: சாக்கடையிலிருந்து தொடங்கும் நெருக்கடி

புதுடெல்லி: ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை கடைப்பிடிக்கப்படும் உலக மருந்து எதிர்ப்புத் திறன் விழிப்புணர்வு வாரத்தில், அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் மருந்துக் கடை வாசல்களிலும் ஒட்டப்படும் சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் கூறுகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அதை விழுங்காதீர்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அறிவுரை சரியானதே. ஆனால் பிரச்சினையின் ஒரு பாதியை மட்டுமே அது தொடுகிறது. மருத்துவர் சொல்லை ஒருமுறைகூட மீறாத, ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் பக்கமே போகாத ஒருவரின் குடலிலும் அம்மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் குடியிருக்க வாய்ப்புண்டு. குடிநீர்க் குழாய், வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய், சந்தையில் வாங்கும் இறைச்சி, நெருக்கமான குடியிருப்பு ஆகியவற்றின் வழியே அவை வந்து சேர்கின்றன.

2025ஆம் ஆண்டு அந்த வாரத்தின் முதல் நாளில், மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் ஜே.பி.நட்டா மருந்து எதிர்ப்புத் திறனுக்கு எதிரான இரண்டாவது தேசிய செயல் திட்டத்தை (2025-29) வெளியிட்டார். 2017இல் வெளியான முதல் திட்டத்தின் காலம் 2021இலேயே முடிந்துவிட்ட நிலையில், இது தாமதமாக வந்த திட்டம். அதன் வெற்றி மருந்துக் கடைகளில் எத்தனை சோதனைகள் நடத்தப்படுகின்றன என்பதைக் காட்டிலும், கழிவுநீரும் குடிநீரும் எந்த அளவுக்குப் பிரித்து வைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அமையும் எனக் கருத வலுவான காரணங்கள் உள்ளன.

இதில் பணயமாக இருப்பவை உயிர்கள். 'லான்செட்' மருத்துவ இதழில் 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு மருந்து எதிர்ப்புத் திறன் நேரடிக் காரணமாக இருந்தது. அதே ஆய்வுக் குழுவினரின் கணக்கில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 2.97 லட்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) கண்காணிப்பு அறிக்கையோ, 'இமிபெனெம்' எனும் உயர்நிலை மருந்துக்கு அடங்காத ஈ.கோலி பாக்டீரியாவின் விகிதம் 2016இல் 14 சதவீதமாக இருந்து 2021இல் 36 சதவீதமாக உயர்ந்ததைப் பதிவு செய்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பின் மருத்துவர்கள் கையில் எடுக்கும் மருந்து இது. இந்த எண்கள் அனைத்தும் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளாக வந்தவர்களிடமிருந்து பெறப்பட்டவை. ஊரில் நலமாக நடமாடுபவர்களின் குடலில் என்ன இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

பயணிகள் எடுத்துச் சென்ற சாட்சியம்

சுற்றுப்புறத்தின் செல்வாக்கை விளக்க, நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வை விடத் தெளிவான சான்று அரிது. வெளிநாடு செல்லவிருந்த சுமார் 2,000 டச்சுப் பயணிகளின் மலம், புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் பரிசோதிக்கப்பட்டது. 'இஎஸ்பிஎல்' எனும் நொதியை உற்பத்தி செய்து பல முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் குடலில் இருக்கின்றனவா என்பதே சோதனை. புறப்படும்போது அவை இல்லாதவர்களில் 34 சதவீதம் பேர் திரும்பும்போது அவற்றைச் சுமந்து வந்தனர். தெற்காசியாவுக்குச் சென்றவர்களில் அந்த விகிதம் 75 சதவீதம். அதாவது 181 பேரில் 136 பேர். பயணத்தின்போது ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்கும் வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோர் எந்த மருந்தும் சாப்பிடாதவர்கள். சில வாரங்கள் இங்கு உண்டதும் குடித்ததும் நடமாடியதுமே போதுமானதாக இருந்தது.

2017இல் வெளியான அந்த ஆய்வின் அடுத்த பகுதி இன்னும் கவனிக்கத்தக்கது. நாடு திரும்பியவர்களில் பாதிப் பேரின் குடலிலிருந்து அந்தப் பாக்டீரியாக்கள் சுமார் 30 நாட்களிலேயே மறைந்துவிட்டன. ஓராண்டுக்குப் பின்னும் அவற்றைச் சுமந்தவர்கள் 11 சதவீதத்தினர் மட்டுமே. மருந்து கொடுத்து யாரும் அவற்றை அகற்றவில்லை. புதிதாக உள்ளே வருவது நின்றதும், குடலின் இயல்பான பாக்டீரியாக் கூட்டம் வந்தேறிகளைப் படிப்படியாக வெளியேற்றிவிட்டது. டெல்லியிலோ பாட்னாவிலோ வாழும் ஒருவரின் குடலுக்கும் அதே ஆற்றல் உண்டு. ஆனால் வெளியேறியதை மறுநாளே ஈடுசெய்யும் வரத்து இங்கே நிற்பதில்லை. இந்தியர் ஒருவரின் குடலையும் டச்சுக்காரர் ஒருவரின் குடலையும் வேறுபடுத்துவது உடற்கூறு அன்று, குழாயில் வரும் நீர் என்று சொன்னால் அது மிகையாகாது.

குடல் எனும் பண்டமாற்றுச் சந்தை

மனிதக் குடலில் லட்சக்கணக்கான கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் ஈ.கோலியின் பங்கு மிகச் சிறிது; நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்திருந்தாலும் அது குடலில் இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சுமப்பவருக்கே அது தெரியாது. சிறுநீர்ப் பாதைக்கு அது இடம் மாறும்போது, அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் கசியும்போது, புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் ரத்தத்தில் நுழையும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. பெண்களுக்கு வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பான்மைக்குக் காரணம் அவரவர் குடலிலிருந்து வரும் ஈ.கோலியே. அப்போது மருத்துவர் முதலில் எழுதித்தரும் மாத்திரை பலிக்குமா என்பது, பல மாதங்களுக்கு முன் அந்தப் பெண் குடித்த நீரில் என்ன கலந்திருந்தது என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது.

இதைவிடக் கவலை தருவது பாக்டீரியாக்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல். எதிர்ப்பு மரபணுக்கள் பலவும் 'பிளாஸ்மிட்' எனும் சிறிய டிஎன்ஏ வளையங்களில் அமைந்துள்ளன. ஒரு பாக்டீரியா தன் பக்கத்திலிருக்கும் முற்றிலும் வேறான இனத்துக்கும் அவ்வளையத்தின் நகலைக் கொடுத்துவிட முடியும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கு எதிரான மரபணுக்கள் சேர்ந்திருப்பது வழக்கம். ஆகவே ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலும், தொடாத மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் அதோடு சேர்ந்து வளர்கிறது.

உலகம் முழுவதும் இந்தியத் தலைநகரின் பெயரால் அறியப்பட்ட என்டிஎம்-1 நொதியின் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டெல்லியில் மருத்துவமனைச் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரின் சிறுநீரில் இருந்த 'கிளெப்சியெல்லா' பாக்டீரியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டு 2009இல் விவரிக்கப்பட்டது. அவருடைய மலத்தில் இருந்த ஈ.கோலியிலும் அதே மரபணு காணப்பட்டது. இரு வேறு இனங்கள், ஒரே மனிதரின் உடல், ஒரே மரபணு. கைமாற்றம் அவரது குடலுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதினர்.

2010இல் வெளியான அடுத்த ஆய்வின் முதன்மை ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என என்டிஎம்-1 கொண்ட பாக்டீரியாக்களை அந்த ஆய்வு பட்டியலிட்டது. மருத்துவமனைக்கு வெளியே, சமூகத்தில் தொற்றியவை அவற்றில் கணிசமாக இருந்தன என்பதே அதன் மிக முக்கியச் செய்தி. ஆனால் நாட்டில் எழுந்த விவாதம் வேறு. தலைநகரின் பெயரை நொதிக்குச் சூட்டலாமா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்ற கேள்விகளே நாடாளுமன்றம் முதல் தொலைக்காட்சி வரை ஒலித்தன. பெயர் மீதான வருத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். சாக்கடை மீதான வருத்தம் அதில் பத்தில் ஒரு பங்காவது இருந்திருந்தால் பயன் விளைந்திருக்கும்.

ஏனெனில் சாக்கடையைப் பற்றிய சான்று அடுத்த ஆண்டே வந்துவிட்டது. 2010 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டர் வட்டத்துக்குள், தெருக்களில் தேங்கிய நீரிலிருந்து 171 மாதிரிகளும், பொதுக் குடிநீர்க் குழாய்களிலிருந்து 50 மாதிரிகளும் எடுக்கப்பட்டன. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும், குழாய் நீரில் இரண்டு மாதிரிகளிலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. காலராவை உண்டாக்கும் 'விப்ரியோ காலரே', சீதபேதிக்குக் காரணமான 'ஷிகெல்லா பாய்டி' உள்ளிட்ட, அதுவரை இம்மரபணு காணப்படாத 11 இனங்களில் அது புதிதாகப் பதிவானது. மரபணுக் கைமாற்றம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதிகமாக நடந்ததும் கண்டறியப்பட்டது. வட இந்தியச் சாக்கடைகள் ஆண்டின் பல மாதங்களில் தாமாகவே எட்டிவிடும் வெப்பம் அது.

நீர் எங்கே கலக்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கின்படி, நாட்டின் நகர்ப்புறங்கள் நாளொன்றுக்கு வெளியேற்றும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர், ஏறத்தாழ 28 சதவீதம். எஞ்சியது ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நிலத்தடிக்கும் சென்றது. சுத்திகரிப்பு நிலையங்களிலும்கூட, கழிவின் உயிர்வேதி மாசைக் குறைப்பதற்கான வடிவமைப்பே உள்ளது. எதிர்ப்பு மரபணுக்களை அகற்றுவது அவற்றின் இலக்காக இருந்ததில்லை.

இந்திய நகரங்களில் குடிநீர் பெரும்பாலும் நாளுக்குச் சில மணி நேரமே வருகிறது. நீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் நுழைய முடியாது. விநியோகம் நின்றதும் அழுத்தம் குறைந்து, விரிசல்களின் வழியே சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே இழுக்கப்படுகிறது. பக்கத்திலேயே சாக்கடைக் குழாயோ திறந்த கால்வாயோ இருந்தால் உள்ளே வருவது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. மறுநாள் காலை முதலில் வரும் கலங்கல் நீரைப் பிடிக்காமல் சிறிது நேரம் ஓடவிடும் பழக்கம் பல ஊர்ப் பெண்களிடம் உண்டு. பொறியாளர்கள் அறிக்கையாக எழுதுவதை அவர்கள் அனுபவமாக அறிந்திருக்கிறார்கள்.

கூட்டம் கூடும் இடங்களில் இந்தக் கலப்பு எவ்வாறு பெருகுகிறது என்பதை நியூகாசில் பல்கலைக்கழகமும் டெல்லி ஐஐடியும் இணைந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ரிஷிகேஷ், ஹரித்வார் பகுதியில் மேல் கங்கையின் நீர் குளிர்காலத்தில் ஒப்பீட்டளவில் தூய்மையாக இருந்தது. லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் வரும் மே, ஜூன் மாதங்களில் அதே இடங்களில் என்டிஎம்-1 மரபணுவின் அளவு பல மடங்கு உயர்ந்தது. ஆற்றின் புனிதத்தைப் பற்றிய கேள்வி அன்று இது. உள்ளூர் மக்கள்தொகைக்கென அமைந்த கழிவுநீர் வசதி, பருவகாலக் கூட்டத்தின் கழிவைத் தாங்க முடியாமல் போவதே காரணம். யாத்ரீகர் ஊர் திரும்பும்போது கங்கை நீரோடு வேறு சிலவற்றையும் தம் குடலில் எடுத்துச் செல்கிறார்.

மருந்துப் பயன்பாட்டை விட வலுவான காரணி

ஒரு நாட்டில் மருந்து எதிர்ப்பு அதிகமாக இருந்தால், அங்கு மருந்துப் பயன்பாடும் அதிகம் என்று எண்ணுவது இயல்பு. 103 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2018இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக் நுகர்வின் அளவுக்கும் எதிர்ப்பின் அளவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு அதில் தென்படவில்லை. அடிப்படைக் கட்டமைப்பு, நிர்வாகத் தரம் ஆகியவை மேம்பட்ட நாடுகளில் எதிர்ப்பு குறைவாக இருந்தது. 60 நாடுகளின் நகரக் கழிவுநீரை மரபணு முறையில் ஆராய்ந்து 2019இல் வெளியான மற்றோர் ஆய்வும், சமூகப் பொருளாதார நிலை மற்றும் சுகாதார வசதிகளுடன் எதிர்ப்பு மரபணுக்களின் அளவு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதாகக் கூறியது. 26 நாடுகளைச் சேர்ந்த 1,589 பேரின் குடல் மரபணுத் தொகுப்புகளை அலசிய 2023ஆம் ஆண்டு ஆய்வு, மேம்பட்ட குடிநீரும் கழிப்பிட வசதியும் உள்ள சமூகங்களில் இம்மரபணுக்கள் குறைவாக இருப்பதைக் காட்டியது.

இவை நாடுகளையும் சமூகங்களையும் மொத்தமாக ஒப்பிடும் ஆய்வுகள். தொடர்பைக் காட்டுபவை, காரணத்தை ஐயமின்றி நிறுவுபவை அல்ல. மருந்துப் பயன்பாடு முக்கியமில்லை என்றும் அவற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது. எதிர்ப்பு மரபணுவுக்கு முதலில் வாய்ப்பளிப்பது மருந்துதான். ஆனால் ஒருமுறை உருவானதை ஒருவரிடமிருந்து நூறு பேருக்குக் கொண்டு சேர்ப்பது சுற்றுப்புறம். நெருப்பை மூட்டியவரைத் தேடுவதோடு, காற்று வீசும் திசையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றும் இதே திசையில் உள்ளது. நகர்ப்புறத்தில் வாழ்வோர், மழைக்காலத்தில் பரிசோதிக்கப்பட்டோர், உணவுக்கு அருகே விலங்குகள் நடமாடும் வீட்டில் இருப்போர் ஆகியோரின் குடலில் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் காணப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மழைக்காலம் என்றவுடன் முழங்கால் அளவு நீரில் நடக்கும் நம் நகரவாசிகள் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது.

முதல் மூச்சிலேயே சுமை

சுற்றுப்புறத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு மிகக் கடுமையான பதில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கிடைக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, எத்தியோப்பியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் 'பார்னார்ட்ஸ்' என்ற பெயரில் நடந்த கூட்டாய்வு, 15,217 தாய்மார்களையும், ரத்தத் தொற்றின் அறிகுறிகள் இருந்த 2,931 குழந்தைகளையும் பரிசோதித்தது. 2022இல் வெளியான முடிவுகளின்படி, 'சிடிஎக்ஸ்-எம்-15' எனும் எதிர்ப்பு மரபணு தாய்மார்களில் 47 சதவீதத்தினரிடமும் குழந்தைகளில் 56 சதவீதத்தினரிடமும் இருந்தது. என்டிஎம் மரபணு தாய்மார்களில் 4.6 சதவீதம், குழந்தைகளில் 18.5 சதவீதம். பிரசவ அறையும் மருத்துவமனைச் சூழலும் அந்த இடைவெளியில் தம் பங்கைச் சேர்த்திருக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ரத்தத் தொற்றுக்கு ஆளான பச்சிளங்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே அது வந்திருந்தது. அவர்களிடம் காணப்பட்ட பாக்டீரியாக்களில் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதவை மிகுந்திருந்தன. பிறந்து மூன்று நாளான குழந்தையிடம் மருந்துச் சீட்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. அக்குழந்தை ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையைக்கூடத் தவறாகப் பயன்படுத்தியதில்லை.

கோழிப்பண்ணையும் மருந்து ஆலையும்

சுற்றுப்புறம் என்பது மனிதக் கழிவு மட்டும் அன்று. பஞ்சாபில் 18 கோழிப்பண்ணைகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இறைச்சிக் கோழிகளிலிருந்து எடுக்கப்பட்ட ஈ.கோலியில் 87 சதவீதம் இஎஸ்பிஎல் நொதியை உற்பத்தி செய்தது. முட்டைக் கோழிகளில் 42 சதவீதம். கோழி எச்சம் வயலுக்கு உரமாகிறது, மழையில் கரைந்து குளத்தில் சேர்கிறது. கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது பாராட்டத்தக்க நடவடிக்கை. உலகின் பல நாடுகள் அப்போது அதைச் செய்திருக்கவில்லை.

மருந்து ஆலைகள் விஷயத்தில் அந்த உறுதி காணப்படவில்லை. ஹைதராபாத் அருகே படான்சேருவில், சுமார் 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்று நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை 'சிப்ரோஃப்ளாக்சசின்' இருந்தது. அம்மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதை விட அதிகமான அளவு அது. ஒரே நாளில் அங்கிருந்து வெளியேறிய அம்மருந்து ஏறத்தாழ 45 கிலோ. முழு ஸ்வீடனும் ஐந்து நாட்களில் பயன்படுத்தும் அளவுக்குச் சமம்.

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதிகள் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு ஆலைக் கழிவில் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை முன்மொழிந்தன. உலகிலேயே முன்னோடியான முயற்சி என அப்போது அது வரவேற்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் வெளியான இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. வரம்புகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை எனத் தொழில்துறையினர் ஆட்சேபம் தெரிவித்திருந்தனர். வரம்பைத் தளர்த்துவது ஒன்று, அடியோடு நீக்குவது வேறு. இரண்டாவதற்குப் போதுமான விளக்கம் மக்களுக்குத் தரப்படவில்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பே ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருப்பதால், முன்மாதிரி இல்லை என்று இனிக் கூற இயலாது.

குழாய் மட்டும் போதுமா?

கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய முடிவுக்கும் தடைகள் உள்ளன. டாக்காவில் பொதுக் குழாய்களில் தானியங்கிக் குளோரின் கருவிகள் பொருத்தப்பட்டபோது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்தது. ஆனால் அக்குழந்தைகளின் குடலில் இருந்த எதிர்ப்பு மரபணுக்களின் மொத்த அளவில் பெரிய மாற்றம் எதையும் பின்தொடர் ஆய்வு காணவில்லை. நீர் தூய்மையானாலும் குழந்தை தவழும் மண், தொடும் கை, உண்ணும் பண்டம் ஆகியவை அப்படியே இருந்தன என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும். வங்கதேசக் கிராமங்களில் குடிநீர், கழிப்பிடம், கைகழுவுதல், ஊட்டச்சத்து ஆகியவற்றை மேம்படுத்திய திட்டங்களால் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் தருவது 10 முதல் 14 சதவீதம் வரை குறைந்தது. அதே வகைத் திட்டம் கென்யாவில் அந்தப் பலனைத் தரவில்லை.

எனவே அரைகுறை மேம்பாடு அரைகுறைப் பலனையே தரும் என எதிர்பார்ப்பது நியாயம். இந்தியாவில் தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019இல் 3.23 கோடி ஊரக வீடுகளில் மட்டுமே இருந்த குடிநீர் இணைப்பு, ஜல் ஜீவன் இயக்கத்தால் 15 கோடியைத் தாண்டியது. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் கழிப்பறைத் தொட்டியிலிருந்து லாரி உறிஞ்சும் கசடு இரவில் எந்த ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது, குழாயில் வரும் நீர் பரிசோதிக்கப்பட்டதா என்ற கேள்விகள் கழிப்பறை எண்ணிக்கையில் அடங்குவதில்லை.

பொருளாதார வல்லுநர் ஜிம் ஓ'நீல் தலைமையிலான பிரிட்டன் குழு, இந்தியா, இந்தோனேசியா, நைஜீரியா, பிரேசில் ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் வயிற்றுப்போக்குக்காக ஆண்டுக்குச் சுமார் 50 கோடி முறை ஆன்டிபயாடிக் சிகிச்சை தரப்படுவதாகவும், தூய குடிநீரும் கழிப்பிடமும் அனைவருக்கும் கிடைத்தால் அதில் 60 சதவீதத்தைத் தவிர்க்கலாம் எனவும் மதிப்பிட்டது. அந்தக் கணக்கு, நகராட்சிப் பொறியாளரின் மேசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. குடிநீரும் கழிவுநீரும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. செயல்படுத்துபவை பணமில்லா உள்ளாட்சிகள். மருந்து எதிர்ப்புத் திறனோ சுகாதாரத் துறையின் கோப்பு. இரண்டு கோப்புகளும் ஒரே அறையில் சந்திப்பது அரிது. 2018இல் தனக்கென ஒரு செயல் திட்டத்தை வகுத்து நாட்டுக்கு வழிகாட்டிய கேரளம், மருந்துக் கடைச் சோதனைகளோடு, வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தையும் தொடங்கியது. மிஞ்சிய மாத்திரை குப்பையிலும் சாக்கடையிலும் சேரக் கூடாது என்ற எண்ணமே அதன் அடிப்படை.

கண்காணிப்பிலும் இதே இடைவெளி தெரிகிறது. மருத்துவமனைகளுக்கு ஐசிஎம்ஆர் 2013 முதல் நடத்திவரும் வலையமைப்பும், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வலையமைப்பும் உள்ளன. மீன்வளம், கால்நடைகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலின் வலையமைப்பு இருக்கிறது. நீருக்கும் கழிவுநீருக்கும் அவற்றுக்கு இணையான ஏற்பாடு இன்னும் உருப்பெறவில்லை. அதைச் செய்யும் திறமை நாட்டில் இல்லாமல் இல்லை. போலியோ வைரஸைத் தேடி மும்பையின் கழிவுநீரில் 2001 முதல் மாதிரிகள் எடுக்கப்பட்டு வருகின்றன. கொரோனா காலத்திலும் பல நகரங்களில் அது கைகொடுத்தது. நலமாக உள்ள கர்ப்பிணிகள், சந்தைக் கோழிகள், ஆற்று நீர் ஆகிய மூன்றிலும் ஒரே ஒரு பாக்டீரியாவை, இஎஸ்பிஎல் ஈ.கோலியை மட்டும், தொடர்ந்து அளக்கும் எளிய முறையை உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்துத் தந்துள்ளது. மாவட்ட ஆய்வகங்கள் செய்யக்கூடிய சோதனை அது.

2010இல் அயல்நாட்டு ஆய்வாளர்களுக்காக மாதிரி எடுக்கப்பட்ட டெல்லியின் அதே பகுதிகளில், அதே பருவத்தில், 171 தேக்கநீர் மாதிரிகளையும் 50 குழாய்நீர் மாதிரிகளையும் அரசே மீண்டும் எடுத்து முடிவுகளை வெளியிட்டால், இத்தனை ஆண்டுகளில் தலைநகரின் நீரில் என்ன மாறியிருக்கிறது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.